வற்றாப்பளைப் பொங்கல்: வாகனத்தை எங்கே விடுவது?

ஒட்டுசுட்டான் வான்:
வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் தூரத்திலேயே வாகனத்தை விட்டுவிட்டு நடப்பது பயந்தாங்கொள்ளித்தனமாம். நேரே கோயிலடிக்குப் போனால் கட்டாயம் இடம் வெளிக்குமாம். நேற்றுப் பரந்தன் பொடியன் எழுதியிருக்கிறார். வாசிக்க எரிச்சல்தான் வந்தது. இந்தப் புத்திமதியைக் கேட்டுப் போகிறவர்களால்தான் முள்ளியவளைப் பக்கம் ரோட்டே இறுகிப்போகிறது. நான் வாடகைக்கு வான் ஓடுகிறவன். வானுக்குள் வயதானவர்களும் குழந்தைகளும் இருப்பார்கள். முதலில் காண்கிற நல்ல இடைவெளியில் விட்டுவிட வேண்டும். பொங்கல் இரவில் யார் அங்கிருந்து வெளிக்கிடுகிறார்கள்?

பரந்தன் பொடியன்:
அண்ணை, எல்லாரும் விடியுமட்டும் நிற்பதில்லை. நேர்த்தி முடித்தவர்கள் நேரத்தோடு வெளிக்கிடுவார்கள். என் கண் முன்னால் ஒரு வெள்ளை வேகன்ஆர் ரிவர்ஸ் எடுத்தது. அந்த இடத்தில்தான் என் காரை விட்டேன்.

கணக்கு வாத்தி:
சண்டைக்கு முதல் ஒன்று. கிராபிவ்ஸ்கி, ரெட்னர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 2019இல் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் வரிசையின் கடைசி வாகனத்துக்குப் பின்னாலேயே விடுகிறார். இன்னொருவர் முதல் இடைவெளியில் விடுகிறார். மூன்றாமவர் வாசல்வரை போய், பிறகு திரும்பி வந்து கிட்டிய இடத்தைப் பிடிக்கிறார். நடையையும் தேடுகிற நேரத்தையும் கூட்டினால் முதலாமவர் படுமோசம். இரண்டாமவர் மூன்றாமவரை மட்டுமட்டாக முந்துகிறார்.

ஒட்டுசுட்டான் வான்:
பிறகென்ன? படித்தவர்களும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பரந்தன் பொடியன்:
மட்டுமட்டாகத்தானே! அந்தக் கணக்கில் வாகனங்கள் வெளிக்கிடுகின்றனவா இல்லையா, வாத்தி?

கணக்கு வாத்தி:
ஓம். எழுந்தமானமாக வருகின்றன, எழுந்தமானமாகப் போகின்றன. ஒரே வரிசைதான்.

ஒட்டுசுட்டான் வான்:
அந்த இடத்தில்தான் எங்கள் ஊர் வேறு. கிளிநொச்சியில் வங்கி வாசல் என்றால் நானும் கிட்டப் போய்ப் பார்ப்பேன். உள்ளே போனவர் அலுவல் முடித்து வருவார், இடம் விடுபடும். பொங்கலுக்கு அப்படி இல்லை. உப்புநீரில் எரிகிற விளக்கைக் கும்பிட்டு, பொங்கல் பார்த்து, விடியத்தான் சனம் போகும். வாசலடியில் நிற்கிற வாகனங்களை வடிவாகப் பாருங்கள். பக்கத்தில் பாய் விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்திருப்பார்கள். கதவுக் கண்ணாடியில் ஈரத்துணி காயும். அந்த வாகனம் அசையுமா? உள்ளே போய் மாட்டினால் திருப்பவும் ஏலாது. முன்னும் பின்னும் ஆட்கள், நடுவில் காவடி. வந்த வழியில் விட்ட இடைவெளியை அதற்குள் வேறொருவன் பிடித்திருப்பான்.

பரந்தன் பொடியன்:
வேகன்ஆர் வெளிக்கிட்டது.

முள்ளியவளை அக்கா:
நீங்கள் இருவரும் எங்கேயும் விடுங்கள், எங்கள் படலையை மறிக்காதீர்கள். போன பொங்கலுக்கு ஒரு வான் வாசலை அடைத்து நின்றது. சாரதியைக் காணவே இல்லை. அம்மாவை மருந்தெடுக்கக் கூட்டிப்போக வழியில்லாமல் தவித்தோம்.

பரந்தன் பொடியன்:
வான்தானே? முதல் இடைவெளி என்றால் படலையும் இடைவெளிதான் இவர்களுக்கு.

ஒட்டுசுட்டான் வான்:
தம்பி, வார்த்தையை அளந்து பேசும். என் வான் எவருடைய படலையையும் மறித்ததில்லை. கார்க்காரர் ஒழுங்கைக்குள் குறுக்கே விட்டுவிட்டுப் போவதைப் பற்றி நான் வாய் திறந்தேனா?

பரந்தன் பொடியன்:
உங்கள் ஊர்களில் வளவுக்குள் விடக் காசு கேட்கிறார்கள். அதனால்தான் கோயிலடிக்குப் போகிறோம்.

முள்ளியவளை அக்கா:
காசு வாங்குகிறவர் இரவு முழுக்கக் கண்விழித்துக் காவல் இருக்கிறார். சும்மா விட்டுத்தர அது பொதுக்காணியா?

கணக்கு வாத்தி:
வாகனம் எவ்வளவு வேகமாக வெளிக்கிடுகிறது என்பதை வைத்துத்தான் முடிவு மாறும். அதைப் பேசுவோமே.

ஒட்டுசுட்டான் வான்:
அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன். பொங்கல் இரவில் வெளிக்கிடாது.

பரந்தன் பொடியன்:
வெளிக்கிட்டது. நான் கண்டேன்.

ஒட்டுசுட்டான் வான்:
எத்தனை மணிக்கு? பொங்கல் நடந்த திங்கட்கிழமையா, அதற்கு முதல் நாளா? மழுப்பாமல் அதைச் சொல்லும்.