சும்மா இருந்த லேப்டாப் ஏன் சூடானது?

நைட்ஷிப்ட்:
வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பைத்தான் சர்வராக வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் நாலு மணி நேரம் தாங்கும் பேட்டரி, திடீரென்று இரண்டரை மணியிலேயே படுத்துவிட்டது. பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று புதிதுக்கு விலை எல்லாம் விசாரித்தேன். அப்புறம் சார்ஜரைக் கழற்றிவிட்டு (அப்போதுதான் வாட் கணக்கு காட்டும்) எது மின்சாரத்தைத் தின்கிறது என்று காட்டும் பவர்டாப் கருவியை ஓட்டினால், பட்டியலில் முதலில் நிற்பது நான் எழுதிய புரோகிராம். ஒரு ஃபோல்டரில் புது ஃபைல் வந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் லூப், நடுவே ஒரு மில்லிசெகண்ட் ஸ்லீப், அதாவது இடைவேளை. ஒரு நாளைக்கு வருவதே நாலைந்து ஃபைல்! அதற்காக நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை புராசஸரைத் தட்டி எழுப்பியிருக்கிறேன். சும்மா இருக்கும்போது அது ஆழ்ந்து தூங்கினால்தான் மின்சாரம் மிச்சம், கண் அசருவதற்குள் எழுப்பினால் எங்கே தூங்கும்? சிபியு, அதாவது புராசஸர் பயன்பாடு, 3 சதவீதம்தான் காட்டியது, அதனால் சந்தேகமே வரவில்லை. லினக்ஸில் இருக்கும் ஐநோட்டிஃபை வசதிக்கு மாற்றிவிட்டேன், ஃபைல் வந்தால் கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்லும்.

இதைச் சொன்னால் உடனே பைத்தான் என்ற புரோகிராம் மொழியைத் திட்டுவார்கள். 2017 இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் மொழிகளை ஒப்பிட்டபோது சி மொழியைவிடப் பைத்தான் சுமார் 75 மடங்கு மின்சாரம் எடுத்தது உண்மைதான். ஆனால் என் லூப் சி-யில் எழுதியது.

பழைய_அட்மின்:
தம்பி, உன் லூப்பாவது நீ எழுதியது. 2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தரை. உலக நேரத்தில் லீப் செகண்ட் (பூமியின் சுழற்சியோடு கடிகாரம் ஒத்துப்போகச் சேர்க்கும் கூடுதல் நொடி) ஒன்றைச் சேர்த்தார்கள், அடுத்த நிமிடம் எங்கள் ஜாவா சர்வர் எல்லாம் 100 சதவீத சிபியுவில் நிற்கிறது. லினக்ஸ் கெர்னலில் டைமர் ஒரு நொடி முந்திக்கொண்டதால், ‘கொஞ்சம் பொறு’ என்று கேட்ட புரோகிராமை எல்லாம் ‘நேரம் ஆச்சு’ என்று உடனுக்குடன் எழுப்பிவிட்டது. யாருக்கும் ஒரு வேலையும் நடக்கவில்லை, சூடு மட்டும். தீர்வைக் கேட்டால் சிரிப்பாய்: கடிகாரத்தை அதே நேரத்துக்கே இன்னொரு தடவை செட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனியில் ஹெட்ஸ்னர் என்ற நிறுவனத்தின் டேட்டா சென்டரில் அந்த இரவு மின்நுகர்வு சுமார் ஒரு மெகாவாட் ஏறியதாக வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பினார்கள். ஒரே ஒரு நொடிக்கு!

குட்டி_பட்டன்:
நீங்கள் இரண்டு பேரும் சர்வர் ஆட்கள், நான் ஃப்ரண்ட்எண்ட், திரையில் தெரியும் பக்கத்தை எழுதும் ஆள். எங்கள் பாவம் மற்றவர் போனில் போய்ச் சேரும். ஒரு ஆர்டர் பக்கத்தில் ‘லோடிங்’ சுழலை மறைக்கச் சொன்னார்கள், ஒபாசிட்டியைப் பூஜ்யமாக்கி, அதாவது முழுக்க ஒளிபுகும்படி ஆக்கிவிட்டு வந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை, உள்ளே சுற்றிக்கொண்டேதான் இருந்தது. போன் சுடுகிறது என்று கடைக்காரர்கள் சொன்னபோது, வெயிலில் வைத்திருப்பார்கள் என்று நாங்களே பதில் சொல்லியிருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது. 2017 இல் விஎஸ் கோட் என்ற புரோகிராம் எழுதும் எடிட்டரில் வெறும் கர்சர் மினுக்கியதற்கே 13 சதவீத சிபியு போனதைப் படித்த பிறகுதான் என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

சரி அண்ணா, பேட்டரி இப்போது எவ்வளவு நேரம் வருகிறது?

நைட்ஷிப்ட்:
கரண்ட் போனால்தானே தெரியும். மாற்றிய நாளிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை.