மேடையில் சுருதி விலகும் இடம்: கண்டதும் கேட்டதும்
(கர்நாடக சங்கீதம் பற்றிய உரையாடல்; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுகிறவரின் புனைபெயர்.)

சாரணை
மார்கழிக் கச்சேரி, மத்தியான ஸ்லாட், பந்துவராளி ராக ஆலாபனை. பாடிய பெண் தார ஸ்தாயி காந்தாரத்தில், அதாவது மேல் ஸ்தாயி 'க'வில், நின்றார். மூச்சு தீரும் தறுவாயில் ஸ்வரம் இழையளவு இறங்கிவிட்டது. வயலின் இறங்கவில்லை. இரண்டும் உரசியது கடைசி வரிசைவரை கேட்டது. அதற்குப் பிறகு அவரால் ஸட்ஜத்தில் ('ஸ') வந்து உட்காரவே முடியவில்லை. இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

கட்டை என்பது ஆதார சுருதியின் உயரம். பாடியது 5½ கட்டை, குரலோ 5 கட்டைக்குரியது. முதலில் பாடிய வர்ணத்திலேயே தெரிந்துவிட்டது: மந்தரம் (கீழ் ஸ்தாயி) கணீரென்று இருந்தது, தார மத்யமத்துக்கு மேல் கழுத்து நரம்பு புடைத்தது. மந்தர பஞ்சமம் காற்றாகாமல் கேட்க வேண்டும், தார பஞ்சமம் தொண்டையை இறுக்காமல் வர வேண்டும். இரண்டையும் அகாரத்தில்தான் ('ஆ' என்று மட்டும் பாடி) பார்க்கணும், அதுவும் ஒரு மணி நேர சாதகத்துக்குப் (பயிற்சிக்குப்) பிறகு. தெளியாத குரலில் காலையில் எடுத்த எடுப்பிலேயே பார்த்தால் அரைக் கட்டை ஏமாற்றிவிடும்.

பிருடை
எல்லாவற்றுக்கும் கட்டைதான் காரணமா? இதே காட்சியை வேறொரு அரங்கில் பார்த்தேன். அங்கே பாடகர் மேல் தப்பில்லை, தம்பூரா ஏறியிருந்தது. பின்னறையில் சுருதி சேர்த்து, ஏசி மேடையில் கொண்டுபோய் வைத்தார்கள். குளிரில் கம்பி இறுகி சுருதி ஏறும், விளக்குச் சூட்டில் தளர்ந்து இறங்கும். மேடையில் பத்து நிமிடம் வைத்திருந்து, அதற்கப்புறம் சேர்க்கணும். நான்கு கம்பிகளில் முதலில் சாரணை, அடுத்து அனுசாரணை (இரண்டும் ஸட்ஜம்), மந்தரம் (கீழ் ஸட்ஜம்), கடைசியில் பஞ்சமம். கம்பியை முறுக்கும் பிருடையைக் கிட்டத்தட்ட இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும், மிச்சத்தைக் கம்பியில் கோத்த மணி பார்த்துக்கொள்ளும். அப்புறம் ஜீவா நூல், கம்பிக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் இழை. குதிரைமேல் அதை மயிரிழை நகர்த்தினால் ஓரிடத்தில் கம்பி திடீரென்று விரிந்து பேசும். நன்றாகச் சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் (பந்துவராளியின் 'க' இதுதான்) மந்தரக் கம்பியிலிருந்து தானாகக் கேட்கும். அது கேட்காத மேடையில் பந்துவராளி காந்தாரத்தில் நிற்பது கஷ்டம்தான்.

தொப்பி
சாரணை, அரைக் கட்டை குறைப்பதை மேடையில் தீர்மானிக்க முடியாது. சொன்ன கட்டைக்கேற்ற மிருதங்கத்தைத்தான் வித்வான் தூக்கிக்கொண்டு வருவார். கல்லாலும் புள்ளாலும் (மரத்துண்டு) தட்டி ஓரளவுதான் ஏற்ற இறக்க முடியும். அதற்கு மேல் போனால் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) நாதம் செத்துவிடும். கட்டை மாறினால் முன்கூட்டியே ஃபோன் பண்ணுங்கள்.

அகாரம்
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தார காந்தாரம் இறங்கியதற்கு மருந்து தார காந்தாரத்தில் இல்லை, மந்தரத்தில் இருக்கிறது. விடிகாலையில் தம்பூரா போட்டுக்கொண்டு ஸ, நி, த, ப என்று ஒவ்வொன்றாக இறங்கி, ஸ்வரத்துக்கு ஒரு மூச்சு, வெறும் அகாரத்தில் நிற்கணும். கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) வேண்டாம். மூச்சின் கடைசிக் கால்பங்கில்தான் ஸ்வரம் சரியும், கவனம் அங்கே இருக்கட்டும். சரிவதற்குள் நிறுத்திவிடுங்கள். தொய்ந்த ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே இருந்தால் காது அதற்குப் பழகிவிடும்.

அடுத்து ஆரம்பப் பாடமான சரளி வரிசை, மூன்று காலத்திலும் (வேகத்திலும்), மாயாமாளவகௌளை ராகத்தில். இதைப் பெரியவர்களும் விடக்கூடாது. மூன்றாம் காலத்தில் ரிஷபம் மேலே ஏறிவிடும். சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைவெளி பெரிசு, குரல் முன்கூட்டியே தாவப் பார்க்கும். ரிஷபத்தில் ஒரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) நின்றுவிட்டுக் காந்தாரத்துக்குப் போங்கள். சுத்த தைவதம், காகலி நிஷாதத்திலும் இதே கதைதான். பந்துவராளி என்றால் கூடுதலாக ஒரு தொல்லை: பிரதி மத்யமம் (உயர்ந்த 'ம') பஞ்சமத்தின் மேல் சாய்ந்துகொள்ளும். க ம ப பாடி மத்யமத்துக்குத் திரும்பி, பஞ்சமக் கம்பி ஒலிக்க ஒலிக்க அங்கேயே நின்று பாருங்கள்.

மேலே எட்டவில்லை என்று கள்ளக்குரலில் (பொய்த்தொண்டையில்) போகிறவர்களை இப்போது நிறையக் கேட்கிறேன். சங்கதி (ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) வந்துவிடும், கார்வை (ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது) நிற்காது.

பிருடை சொல்லும் தம்பூரா எத்தனை வீட்டில் இருக்கிறது? ஃபோனில் தம்பூரா செயலியே போதும்.

பிருடை
செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் போடாதீர்கள் என்கிறேன். ஆண் குரல் 1 கட்டையில் சாரணை ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ், மந்தரம் அதில் பாதி, 65. அந்த அடிநாதத்தை ஃபோனால் கொடுக்க முடியாது, மேல் ஒலிகள்தான் வரும். சாய்ந்துகொள்ள அடித்தளம் இல்லாமல் குரல் கத்தத் தொடங்கும். ஒரு நல்ல ஸ்பீக்கரில், உங்கள் குரலைவிடக் கொஞ்சம் தணிவாக வையுங்கள். ஹெட்ஃபோன் கூடாது, சொந்தக் குரல் சரியாகக் காதில் விழாது.

செஞ்சுருட்டி
கச்சேரி முடிவில் சின்னப் பாட்டுகள் பாடும் துக்கடா வேளையில் இன்னொரு விபத்து நடக்கும். புன்னாகவராளி, நவரோஜ் மாதிரி ராகத்துக்கு மத்யம சுருதிக்கு மாறுவார்கள். தம்பூராவில் பஞ்சமக் கம்பி மத்யமத்துக்கு இறங்கணும். பின்னால் உட்கார்ந்திருக்கும் சிஷ்யருக்கு முன்னாடியே சொல்லிவைக்கவில்லை என்றால், பாடகர் மத்யமத்தை ஸட்ஜமாக வைத்து ஆரம்பித்துவிடுவார், பின்னால் பழைய பஞ்சமம் அடித்துக்கொண்டே இருக்கும். அது இப்போது அவருக்கு ரிஷபம். நான் கேட்ட கச்சேரியில் பல்லவி முடிகிறவரை அப்படியே போனது. முந்தைய பாட்டுக்குக் கைதட்டல் எழும்போதே திரும்பிச் சொல்லிவிடணும்.

சாரணை
எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியில் அது ஒரு பட்டன். அதையும் மறக்கிறார்கள்.