மெடிக்கலில் பொய் ரிட்டர்ன்: போலீஸா, கணக்கு முடித்து அனுப்புவதா?

திண்டுக்கல் மெடிக்கல்:
பஸ் ஸ்டாண்ட் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சுகர், பிரஷர் மாத்திரைகளில் மட்டும் ஸ்டாக் உதைக்கிறது. கம்ப்யூட்டரில் 12 அட்டை, ரேக்கில் ஏழுதான். விற்ற மருந்து திரும்பி வந்ததைக் காட்டும் சேல்ஸ் ரிட்டர்ன் ரிப்போர்ட்டைத் திறந்தால், பெரும்பாலும் நான் மதியம் சாப்பிடப் போகும் நேரத்துப் பதிவுகள். கவுண்டரில் இருப்பவன் எங்கள் ஊர்ப் பையன், கடைச் சாவியே அவனிடம்தான். அவன் அம்மா எங்கள் வீட்டு விசேஷம் ஒன்று விடமாட்டார். கேட்க நாக்கு எழவில்லை.

பழைய கேஷியர்:
அண்ணே, வாங்குகிறவர்கள் வேண்டாமென்று கவுண்டரிலேயே போட்டுவிட்டுப் போகும் பில்தான் இதற்கு மூலதனம். அந்த நம்பரில் ரிட்டர்ன் போட்டு, அந்தத் தொகையைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ராத்திரி கல்லாக் கணக்கு பைசா பிசகாது, இடிப்பது ரேக்கில்தான். சுகர்காரர்கள் மாதாமாதம் வருகிறவர்கள், பில்லில் போன் நம்பர் இருக்குமே. "திருப்பித் தந்தீர்களாமே, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா?" என்று விசாரிக்கிற மாதிரி கேளுங்கள். அப்புறம், லாகின் ஆளுக்கொன்றா?

திண்டுக்கல் மெடிக்கல்:
எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. பார்ட் டைமாக ஒரு பெண்ணும் வருகிறார்.

நெல்லை வக்கீல்:
அப்படியென்றால் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாரையும் கைகாட்டாதீர்கள். ரிட்டர்ன் நேரத்து சிசிடிவி பதிவை முதலில் எடுத்துவையுங்கள், பழையது தானாக அழிந்துவிடும். 2024 ஜூலை 1-லிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. ரேக்கிலிருந்து மாத்திரையைத் தூக்கினால் பணியாளர் திருட்டு, பிரிவு 306. நம்பி ஒப்படைத்த கல்லாப் பணத்தைச் சுருட்டினால் நம்பிக்கை மோசடி, 316(4). இரண்டுக்கும் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் ஷட்டரை இறக்கிவிட்டு மிரட்டி எழுதி வாங்கும் வேலை மட்டும் வேண்டாம். கடைசியில் கேஸ் உங்கள் மேல் திரும்பும்.

திண்டுக்கல் மெடிக்கல்:
பில்லில் நம்பர் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். யாரும் ஒரு அட்டைகூடத் திருப்பவில்லை. ஒருவர், "மாத்திரை தீர்ந்தே போச்சு, பையனிடம் கொடுத்து விடுங்க" என்று ஆர்டரே போட்டுவிட்டார்! கேமராவில் அந்தப் பெண் இல்லை, இவன்தான். ரிட்டர்னுக்கு இனி என் பாஸ்வேர்டு மட்டும். திங்கட்கிழமை ஆடிட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனிடம் பேசப்போகிறேன். அவன் அம்மா காதுக்குப் போக வேண்டாம் என்று பார்க்கிறேன். பணத்தைக் கட்டினால் வேலையோடு முடிந்தது, இல்லையென்றால் புகார்தான்.

பழைய கேஷியர்:
சாவியை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பூட்டையும் மாற்றுங்கள்.