பழைய கடல் விமான மாடல்கள்: ஏரிக்கரையில் கற்றதும் சந்தித்த மனிதர்களும்

ரேடியோவில் இயக்கும் பழைய கடல் விமான மாடல்களைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அடுத்து ரேடியோ. மிதவையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். இறக்கையில் சிறிய முறுக்கு இருந்தால் டிரிம் செய்து, அதாவது கட்டுப்பாட்டைச் சற்றே திருத்தி வைத்து, சமாளிக்கலாம். மிதவையின் அடியில் ஸ்டெப் என்கிற படி தப்பான இடத்தில் அமைந்துவிட்டால், எவ்வளவு பலமான மோட்டாரைப் பூட்டினாலும் மாடல் தண்ணீரை விட மனம் வராமல் ஏரி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் நல்ல படகு, அப்புறம்தான் விமானம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தெற்கு இங்கிலாந்தில் நாங்கள் பறக்கவிடும் நீர்த்தேக்கத்துக்கு வரும் ஒரு முதியவர். எண்பதைத் தாண்டியவர். 1950-களில் பள்ளிப் பையனாக இருந்தபோதே மாடல் கட்டத் தொடங்கியவர். அவர் கொண்டுவருவது ரேடியோ குயின். 1954-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ரேடியோ மாடல் அந்த வடிவம்தான். 7 அடி இறக்கை, உயரத்தில் பொருத்திய பெரிய பலகை, உள்ளே ஆள் உட்காரலாம் என்று நினைக்க வைக்கும் கேபின். சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவைகளை அவரே செய்து மாட்டியிருந்தார். பால்சா என்கிற லேசான மரச் சட்டத்தின் மேல் மெல்லிய ப்ளைவுட், அதன் மேல் பட்டுத்துணி ஒட்டி டோப் என்கிற வார்னிஷ் அடித்து, பழைய முறையிலேயே செய்தது.

நான் புதிதாகச் செய்த மிதவைகளை அவரிடம் காட்டினேன். வண்ணத்தையோ வடிவத்தையோ அவர் பார்க்கவில்லை. கவிழ்த்துப் போட்டார். நடுவில் அடிப்பாகம் சட்டென்று மேலேறுகிற அந்தப் படியின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் மாட்டியது. “கூராக இருக்கிறது, நல்லது. இதை மட்டும் எப்போதும் உருட்டித் தேய்த்துவிடாதே” என்றார். காரணத்தையும் சொன்னார். தண்ணீருக்கு வளைந்த பரப்பை ஒட்டிக்கொண்டே போகும் குணம் உண்டு. விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் அதைச் சுற்றி மேலேறிப் பின்பாதியையும் பிடித்துக்கொள்ளும். கூரான விளிம்பில் தண்ணீர் பிரிந்துவிடும், இடையில் காற்று நுழையும், மிதவை விடுபடும். பக்கவாட்டு விளிம்புகளுக்கும் இதே நியாயம்தான். அதனால் அழகுக்காக உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்குகிற ஆசையை மிதவையின் அடிப்பக்கத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

அளவுகளையும் எழுதிவிடுகிறேன், புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு உதவும். இரண்டு மிதவைகளும் சேர்ந்து மாடலின் எடையைப் போல ஏறக்குறைய இரு மடங்கைத் தாங்க வேண்டும். 3 கிலோ மாடல் என்றால் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் அளவில் இருக்கட்டும். நீளம் விமானத்தின் நீளத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல். மூக்கு ப்ரொப்பெல்லரைத் தாண்டி முன்னே நீள வேண்டும், இல்லையென்றால் இறங்கும்போது குப்புறக் கவிழும். இரண்டு மிதவைகளுக்கும் இடையே இறக்கை அகலத்தில் கால் பங்கு இடைவெளி. ஸ்டெப் எடை மையத்துக்கு நேர் கீழே, அல்லது ஒரு விரல்கடை பின்னால். ரொம்பப் பின்னால் போனால் மூக்கைத் தூக்கவே முடியாது. முன்னால் வந்தால் ஓடும்போது தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு துள்ளும். மிதவையின் மேல்தளத்தோடு ஒப்பிட்டால் இறக்கை 2 அல்லது 3 டிகிரி நிமிர்ந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: மிதவைகள் மூக்குப் பக்கம் நிறையப் பக்கப்பரப்பைச் சேர்த்துவிடுவதால் வால் பலவீனமாகிவிடும். வாலுக்கு அடியில் ஒரு சிறிய துடுப்பு ஒட்டினால் விமானம் நேராகப் போகும். இந்த அளவுகள் பழைய வரைபடங்களில் பல தலைமுறையாக வருகிறவை. கணினியில் கணக்குப் போட்டாலும் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

சரியாக அமைந்த மாடல் எழும்புகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் மூக்கைத் தூக்கும் வால் பலகையான எலிவேட்டரை முழுக்க இழுத்துப் பிடித்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை மெல்லக் கொடுக்கிறோம். மூக்கு நிமிர்கிறது, வால் தாழ்கிறது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கஷ்டப்பட்டுப் போகிறது. வேகம் கூடியதும் தன் முன்னலையின் மேலேயே ஏறிவிடுகிறது. இப்போது எலிவேட்டரைக் கொஞ்சம் விட வேண்டும். ஏரியில் வீசிய தட்டைக் கல் தத்திப் போவது போல, தண்ணீரைக் கிழிக்காமல் அதன் மேல் வழுக்கி ஓடத் தொடங்கும். சத்தமும் மாறும். தொப்தொப் என்றிருந்தது சலசலப்பாகி, பிறகு அடியில் மெல்லிய தட்டல்கள் மட்டும் கேட்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். எஞ்சின் ஒலி மட்டும் மிஞ்சினால் மாடல் காற்றில் இருக்கிறது என்று அர்த்தம்.

காற்றே இல்லாத காலைப் பொழுது ஒன்று மறக்க முடியாதது. ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் ‘என்ன அருமையான நாள்’ என்று சந்தோஷப்பட்டார்கள். பழைய ஆட்கள் யாரும் மாடலை எடுக்கவில்லை. மழமழப்பான தண்ணீர் மிதவையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சிற்றலை இருந்தால்தான் அடியில் காற்று புகுந்து விடுவிக்கும். இறங்கும்போதும் ஆபத்து, தண்ணீர்ப் பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நம்ம முதியவர் மீட்புப் படகில் இருந்தவரைக் கூப்பிட்டு, ஓடுபாதையின் குறுக்கே ஒருமுறை போய்வரச் சொன்னார். படகு கிளப்பிய அலை பரவி அடங்கி, சிறு நெளிவுகளாக மாறியபோது அவருடைய ரேடியோ குயின் கிளம்பி, அந்த நெளிவுகளின் மேல் ஓடி அப்படியே எழுந்துவிட்டது. நிஜக் கடல் விமானிகளும் அமைதியான ஏரிகளில் தங்கள் அலையைத் தாங்களே உண்டாக்கி, வட்டமடித்து வந்து அதன் மேல் ஓடி எழும்புவார்கள்.

(படகு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மீட்புப் படகும் லைஃப் ஜாக்கெட்டும் கரையில் தயாராக இல்லாமல் ஒரு மாடலும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நின்றுபோன மாடலை எடுக்க நீந்திப் போகிறேன் என்று கிளம்புகிறவரைத் தடுத்து உட்கார வையுங்கள். அந்த ஊர் ஏரித் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்து கிடக்கும்.)

அவர் சொன்ன பழைய ரேடியோ கதைகளைக் கேட்டால் இன்றைய வசதி எவ்வளவு பெரியது என்று புரியும். அந்தக் காலத்தில் டிரான்ஸ்மிட்டர் தரையில் நிற்கும் பெட்டி, அதிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் ஆன்டெனா. கையில் ஒரே ஒரு பொத்தான். விமானத்துக்குள் முறுக்கிய ரப்பர் பட்டையால் இயங்கும் எஸ்கேப்மென்ட் என்கிற சின்னக் கருவி. பொத்தானை அழுத்தினால் வாலில் இருக்கும் சுக்கானான ரடர் முழுக்க ஒரு பக்கம் போகும், விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் எதிர்ப்பக்கம். கடைசியாக எந்தப் பக்கம் கொடுத்தோம் என்பதை விமானி ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். எலிவேட்டர் இல்லை, த்ராட்டிலும் இல்லை. டீசல் எஞ்சினின் எரிபொருள் தீரும்வரை பறக்கும், பிறகு தானாக மிதந்து இறங்கும். அதனால்தான் அந்த மாடல்கள் எல்லாம் கையை விட்டாலே தானாக நிதானமாகப் பறக்கும்படி வடிவமைக்கப்பட்டன. ரேடியோ குயினை இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் பறக்கவிடும்போது இன்றும் அந்தக் குணம் கைக்குத் தெரிகிறது. நாம் ஓட்டுவதில்லை, இப்படிப் போ என்று சொன்னால் போதும்.

தண்ணீர் புகாமல் இருக்க ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுவது அவர்கள் காலத்துப் பழக்கம். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். ரிசீவரை முடிந்தவரை உயரத்தில் வையுங்கள், இந்த அலைவரிசை தண்ணீரை ஒட்டிப் போகும்போது வலுவிழக்கும்.

நிதானமான ரேடியோ குயினுக்கு நேர் எதிரான இன்னொரு உலகம், ஷ்னைடர் கோப்பை என்ற கடல் விமான வேகப் பந்தயத்தில் பறந்த விமானங்கள். என் நண்பர் ஒருவர் அவற்றில் ஒன்றான சூப்பர்மரீன் எஸ்.6பி-யை அளவு குறைத்துக் கட்டினார். ஒல்லி உடம்பு, சின்ன இறக்கை, பெரிய ப்ரொப்பெல்லர். த்ராட்டிலைக் கொடுத்ததும் மாடல் இடப்பக்கம் சாய்ந்து, இடது மிதவை தண்ணீரில் அழுந்தி, வட்டமடிக்கத் தொடங்கிவிட்டது. ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும், அதுதான் காரணம். நிஜ விமானத்தில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர் எஞ்சின் 2,350 குதிரைத்திறன். வடிவமைப்பாளர் மிட்செல் எரிபொருளை மிதவைகளுக்குள்தான் வைத்தார், அதிலும் வலது மிதவையில் அதிகமாக. முறுக்கலை எடையாலேயே சமன்செய்த யோசனை அது. நண்பரும் வலது மிதவைக்குள் கொஞ்சம் ஈயம் வைத்தார், த்ராட்டிலைப் படிப்படியாகக் கொடுத்தார், மாடல் நேராக ஓடி எழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தில் படித்த விஷயம் கண்முன் தண்ணீரில் நிரூபணமாவதைப் பார்ப்பதற்கு ஈடாக இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் கால்ஷாட் போனோம். தெற்கு இங்கிலாந்தில் சோலன்ட் நீரிணையின் ஓரத்தில் கடலுக்குள் நீளும் கூழாங்கல் திட்டு அது. எட்டாம் ஹென்றி கட்டிய சிறு கோட்டையும், கடல் விமானங்கள் நின்ற பெரிய ஹேங்கர்களும் இன்னும் இருக்கின்றன. 1931 செப்டம்பர் 13 அன்று பூத்மேன் என்ற விமானி எஸ்.6பி-யில் இங்கே பறந்து மணிக்கு 340.08 மைல் சராசரி வேகத்தில் கோப்பையை நிரந்தரமாக பிரிட்டனுக்கு ஆக்கினார். அதே மாதம் 29-ந்தேதி ஸ்டெய்ன்ஃபோர்த் என்ற விமானி எஸ்.6பி-யில் மணிக்கு 407.5 மைல் தொட்டார். அந்தப் பந்தயத்துக்கு அரசாங்கம் பணம் தர மறுத்தபோது ஒரு லட்சம் பவுண்டு தந்தவர் லேடி ஹூஸ்டன் என்ற பணக்காரப் பெண்மணி. பக்கத்தில் சவுத்தாம்ப்டனில் உள்ள சோலன்ட் ஸ்கை அருங்காட்சியகத்தில் அதன் நெருங்கிய உறவான எஸ்.6ஏ நிற்கிறது. இந்த மாடலைக் கட்ட நினைக்கிறவர்கள் முதலில் போய் அதன் மிதவைகளின் பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். இத்தாலிக்காரர்கள் முறுக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர்களை மாக்கி எம்.சி.72 என்ற தங்கள் பந்தய விமானத்தில் பூட்டினார்கள். 1934 அக்டோபரில் கார்டா ஏரியில் விமானி அஜெல்லோ அதில் மணிக்கு 709 கிலோமீட்டர் பறந்தார். பிஸ்டன் எஞ்சின் கடல் விமானங்களில் இன்றுவரை அதை யாரும் முறியடிக்கவில்லை.

என்னுடைய மாடல்களில் எனக்குப் பிரியமானது கேட்டலினா, வயிற்றாலேயே தண்ணீரில் இறங்கும் இரட்டை எஞ்சின் பறக்கும் படகு. ஒரு கோடை மாலையில் அதைக் கரையில் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் குடும்பத்தோடு நடக்க வந்த ஒரு வயதான ஐயா நின்று பார்த்தார். என் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

“தம்பி, இது கற்றலினா எல்லோ?”

திருகோணமலைக்காரர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கிருக்கும் சைனா பே குடாவில் இவை வந்து இறங்குவதைச் சிறுவனாகப் பார்த்தவர். “தண்ணியில வயிறு பட்ட உடன ரெண்டு பக்கமும் வெள்ளையா எழும்பும். நாங்கள் கரையில நிண்டு கத்துவம்” என்றார். அப்புறம் இறக்கை நுனி மிதவையைத் தொட்டுக் காட்டி, “இது மேல மடங்கவேணும். உங்கட மடங்குமோ?” என்று கேட்டார். மடங்கும். அதை மடக்கும் சின்ன மோட்டாரான சர்வோவை இயக்கிக் காட்டினேன். மிதவை மேலேறி இறக்கை நுனியோடு பொருந்திக்கொண்டதும் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நுனி மிதவை மடங்குவது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

இந்த விமானத்துக்கும் நம்முடைய கரைகளுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. சென்னைக்குப் பக்கத்தில் புழல் ஏரியிலிருந்து, ‘ரெட் ஹில்ஸ்’ என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன செங்குன்றத்துத் தளத்திலிருந்து, போரின்போது ராயல் ஏர் ஃபோர்ஸின் 240-ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினாக்கள் பறந்தன. இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான் 1942 ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு தகவல் அனுப்பியது. ஓட்டியவர் பர்ச்சல் என்ற கனடியர். 1943-லிருந்து அதே கொக்கலைக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே குவாண்டாஸ் கேட்டலினாக்கள் நிற்காமல் 27 மணி நேரத்துக்கும் மேல் பறந்தன. பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள். இன்னொரு பொருத்தமும் உண்டு. உலகின் முதல் கடல் விமானத்தை ஹென்றி ஃபாப்ர் 1910 மார்ச் 28-ல் பறக்கவிட்டார். கேட்டலினாவின் முதல் மாதிரி பறந்தது 1935-ல் அதே மார்ச் 28.

கேட்டலினா கட்ட நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, நின்ற நிலையில் நுனி மிதவைகள் இரண்டும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டால் அவை தேவைக்கு மேல் கீழே இருக்கின்றன. ஒன்று நனையும்போது மற்றது சற்றே மேலே நிற்க வேண்டும். இரண்டாவது, இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி த்ராட்டில் வைத்தால் தண்ணீரில் திருப்புவது மிகச் சுலபம், தண்ணீர் ரடரே வேண்டாம். கடல் நீரில் பறக்கவிட்டால் வீடு திரும்புமுன் நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவிவிடுங்கள்.

என் கேட்டலினாவின் வயிற்றின் முன்பகுதியிலிருந்து கிளம்பும் தெறிப்பு, முழு எடையோடு ஓடும்போது ப்ரொப்பெல்லரைத் தொடுகிறது. மூக்குக்கு அடியில் இருபுறமும் முக்கோணப் பால்சாச் சட்டம் ஒட்டித் தண்ணீரை வெளிப்பக்கம் தள்ளலாம் என்று இந்தக் குளிர்காலத்தில் யோசித்திருக்கிறேன். அளவு குறைத்துக் கட்டிய கேட்டலினாவில் யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா? சட்டத்தை ப்ரொப்பெல்லருக்கு எவ்வளவு முன்னால் தொடங்கினீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். படம் இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.