நத்தார் லைட் பெட்டி வயரிங்: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமார், கிளிநொச்சி வீட்டு முகப்புக்கு 300 பிக்சல் லைட் (ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறம் மாறும் எல்.இ.டி.) போடப் போகிறேன். 12 வோல்ட், உள்ளே டபிள்யூ.எஸ். 2811 என்ற கட்டுப்பாட்டு சிப். ஒன்றுக்கு 60 மில்லியம்பியர் என்றாலும் 18 அம்பியர்தான். 230 வோல்ட்டை 12 ஆக்கும் 30 அம்பியர் பவர் சப்ளை வாங்கியாச்சு.

லைட்டுகளை இயக்கும் இ.எஸ்.பி. 32 போர்ட் தருவது 3.3 வோல்ட் டேட்டா சிக்னல், பிக்சல் கேட்பது 5. முதல் பிக்சலுக்கு 6 மீட்டர் வயர் ஓடுது. இடையில் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74 எச்.சி.டி. 125 சிப் ஒன்று காணுமா?

பெரிய யோசனை மார்கழி மழைதான். சப்ளையும் போர்டும் வெளியே ஒரு பெட்டிக்குள் இருக்கும்; அதை இறுக்கி மூடினால் சப்ளை சூடாகும். ஓட்டை போட்டால் தண்ணீர், அப்புறம் எறும்பு. வயர்களைக் கீழ்ப்பக்கத்தால், கொஞ்சம் தொங்கவிட்டு எடுக்க நினைக்கிறேன். காற்றுக்கு என்ன வழி?

230 வோல்ட் பக்கம் எலக்ட்ரீசியன் பார்ப்பார், ட்ரிப் சுவிட்ச் இருக்கு. 100 பிக்சல் லைனுக்கு 7.5 அம்பியர் கார் பியூஸ் சரியா? பெட்டி செய்தவர்கள் உள்பக்கப் படம் போடுங்கோ.