கயிற்றில் தங்கச்சி, கீழே அப்பாவின் மேளம்: மேடைக்கு எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி: கழிக்காரர் மகன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கழைக்கூத்துக் குடும்பம், திண்டுக்கல் பக்கம். அப்பா மேளம். அம்மா வளையமும் தலைக்குடமும். தங்கச்சி கயிறு. முளை அடிப்பது, கயிறு இறுக்குவது, கீழே கரணம் போடுவது என் வேலை. ஆறு வயதில் கயிறு ஏறினேன், உடம்பு கனத்ததும் பதினேழில் இறங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு கலைவிழாவில் எங்களுக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் தெருவிலும் கோயில் திடலிலும் ஆடியவர்களை மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்தச் சந்தோஷம் இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்பதைப் பார்த்தால் தூக்கம் வரவில்லை. மேளத்துக்குப் பதில் ரெக்கார்டு பாட்டு போடுவார்களாம். அப்பாவும் தங்கச்சியும் பேசிக்கொள்வது இழுவையாக இருக்கிறதாம். என் மகளுக்கு ஒன்பது வயது, "சின்னப் பிள்ளை ஏறினால்தான் கைதட்டு வரும்" என்கிறார்கள். ஆட்டம் மரப்பலகை மேடையில். அதில் முளை எங்கே அடிப்பது?

மேளம் ஏன் வேண்டும் என்று அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தங்கச்சி நடக்கும்போது அப்பா அவள் முகத்தைப் பார்க்க மாட்டார், கால் கட்டைவிரலைத்தான் பார்ப்பார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிறு ஓடும். முதலில் விரல் தடவும், பிறகு பாதம் வழுகிப் போகும், கடைசியில்தான் குதிகால் உட்காரும். குதிகால் உட்கார்ந்த பிறகே அடி விழும். காற்று அடித்தால் அப்பா வலது கையை நிறுத்திவிட்டு இடது கையால் மெல்ல உருட்டிக்கொண்டே இருப்பார். கூட்டம் ஏதோ பெரிய வித்தை வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உண்மையில் அவள் காற்று அடங்கக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பேச்சும் அப்படித்தான்.

"மேல என்னம்மா பாக்கற?"
"ஊரைப் பாக்கறேன்."
"ஊர்ல என்ன தெரியுது?"
"கோபுரம் தெரியுது, கொடிமரம் தெரியுது."
"கீழ அப்பன் தெரியறானா?"

"தெரியறான்" என்றால் பின்னால் நடக்கத் தயார் என்று அர்த்தம். "தெரியல" என்றால் கால் சோர்ந்துவிட்டது, முடித்துக்கொள்வோம் என்று அர்த்தம். கூட்டம் சிரிக்கும், அப்பா மேளத்தை மாற்றிவிடுவார். எங்கள் தாத்தா காலத்துப் பேச்சு இது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஊரில் இதே மாதிரி பாட்டு போட்டார்கள். பாட்டு காலுக்காக நிற்காது, கால்தான் பாட்டுக்கு ஓடியது. நாலாவது எட்டில் தங்கச்சி வழுக்கி, ஒரு கையில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. கரணம் தப்பினால் மரணம் என்று ஊரே சொல்கிறது, அது எங்கள் வீட்டில் சோறு போடுகிற வேலை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். கயிறு 16 அடி, நடுவில் நின்றால் முக்கால் அடி தாழும். தங்கச்சி 45 கிலோ.

பதில் 1: வெல்டிங் பட்டறை

தம்பி, நான் பந்தலுக்கும் மேடைக்கும் இரும்புச் சட்டம் அடிக்கிறவன். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 16 அடிக் கயிறு நடுவில் முக்கால் அடி தாழ்ந்தால், நிற்கிற ஆளின் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கயிற்றில் இழுவிசை வரும். 45 கிலோவுக்குச் சுமார் 240 கிலோ. அதுவும் சும்மா நின்றால். குதித்தால் இன்னும் ஏறும். மண்ணில் நீங்கள் ஆழமாக அடிக்கிற முளை அதைத் தாங்குகிறது. பலகையில் ஆணியோ கொக்கியோ போட்டுக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பலகை பெயர்ந்து வரும். மணல் மூட்டை அடுக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. மூட்டை நகர்ந்தால் கயிறு தொய்வது தங்கச்சி காலுக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரே வழி, தரையோடு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீளமாக ஓர் இரும்புக் குழாய். கயிற்றைத் தூக்கிப் பிடிக்கிற இரண்டு கத்தரிக்கால்களும் அதன்மேல் போல்ட்டில் உட்கார வேண்டும், கயிற்றின் இரண்டு முனையும் அதே குழாயில் கட்ட வேண்டும். கயிறு உள்ளே இழுக்கும், குழாய் வெளியே தள்ளும், மேடைக்கு அந்த இழுப்பே போகாது. பக்கவாட்டில் சாயாமல் இருக்கக் குறுக்குக் கால்களும் வேண்டும். ஆனால் கத்தரிக்கு வெளியே இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி சேர்த்தால் 26 அடி ஆகிவிடும். மேடை அகலம் எவ்வளவு என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால் மேடையே வேண்டாம். மேடைக்கு முன்னால் மண் தரை இருக்கும். நாற்காலியை நாலு வரிசை பின்னால் போடச் சொல்லி, கீழேயே முளை அடியுங்கள்.

பதில் 2: பள்ளி ஆசிரியை

தம்பி, பாப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏற்றாதீர்கள். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் படிப்பு கெடாமல் சினிமா, டிவி, விளையாட்டு போன்றவற்றில் பங்கெடுக்கலாம் என்று விலக்கு கொடுத்தார்கள். அந்த இடத்திலேயே சர்க்கஸ் மட்டும் கூடாது என்று தனியாக எழுதியிருக்கிறது. அதற்கு முன்பே 2011-இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. உங்களுடையது சர்க்கஸ் கம்பெனி இல்லை, குடும்பக் கலை என்று நீங்கள் சொல்லலாம். உயரத்தில், காசு வாங்கிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் என்று எதிரில் இருப்பவர் சொல்வார். சிக்கினால் நீங்கள்தான் சிக்குவீர்கள், கேட்டவர்கள் வரமாட்டார்கள்.

அவள் கற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டு முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குக் கயிறு கட்டி, பள்ளி விட்டு வந்ததும் அத்தையோடு நடக்கட்டும். கலை அவள் காலில் இருக்கட்டும், கூட்டத்துக்கு முன்னால் பிறகு பார்க்கலாம். நீங்களும் அம்மாவும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் விழாவுக்கு முன்னாலேயே அந்த வேலையைப் பாருங்கள்.

பதில் 3: தமிழ் மாணவி

அண்ணா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தேன். விழாக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மயில் தளர்ந்து நடப்பதற்கு உவமையாக "ஆடுமகள் கயிறூர் பாணியின் தளரும்" என்கிறார். பாணி என்றால் தாளம். தாளத்துக்குக் கயிற்றில் நடக்கிற ஆட்டக்காரி தளர்வதுபோல மயில் தளர்கிறதாம். குறுந்தொகை ஏழாவது பாட்டில் காற்றில் வாகை நெற்று ஒலிப்பது, கயிறு ஆடுகிறவர்களின் பறை மாதிரி இருக்கிறது. கயிறு வருகிற இடத்தில் கொட்டும் கூடவே வருகிறது.

எனக்கு உயிர் நற்றிணை 95 தான். பல வாத்தியமும் முழங்க ஆடுமகள் நடந்து முடித்த முறுக்குக் கயிறு. அதில் சிவந்த முகத்துக் குரங்குக் குட்டி ஏறித் தொங்குகிறது. அதைப் பார்த்த குறவர் பிள்ளைகள் பாறைமேல் ஏறித் தாளம் கொட்டுகிறார்கள். ஆட்டக்காரி போய்விட்டாள், வாத்தியமும் போய்விட்டது. ஆனாலும் கயிற்றில் ஓர் உயிர் அசைந்தால் பிள்ளைகளின் கைக்குத் தாளம் போடாமல் இருக்க முடியவில்லை. உங்கள் அப்பா செய்வது அதைத்தான்.

இன்னொன்று. கொரியாவில் ஜுல்தாகி என்ற கயிற்றாட்டம் உண்டு. மேலே நடப்பவரும் கீழே நிற்கிற கோமாளியும் பேசிக்கொண்டே இருப்பார்கள், பக்கத்தில் வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். 2011-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, அந்தப் பேச்சையும் வாத்தியத்தையும் சேர்த்துத்தான். அப்பாவின் பேச்சை யாரும் இழுவை என்று சொல்ல விடாதீர்கள்.

கழிக்காரர் மகன் (நான்கு நாள் கழித்து)

மூன்று பேருக்கும் கும்பிடு. அந்த நற்றிணைப் பாட்டை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். குரங்குக் குட்டி வந்த இடத்தில் "ஆமாம், பழனியில ஏறும்" என்றார். மலையடிவாரத்தில் ஆடும்போது கழியை அவிழ்ப்பதற்குள் குரங்கு வந்து தொங்குமாம். எனக்கே இதுவரை சொன்னதில்லை.

விழாக்காரர்களை நேரில் போய்ப் பார்த்தேன். மேடை அகலம் 24 அடிதானாம், அதனால் கீழே மண்ணில் ஆடச் சம்மதித்துவிட்டார்கள். மகள் ஏறமாட்டாள் என்று சொன்னதும் ஒருவருக்கு முகம் சுருங்கியது. சட்டத்தைச் சொன்னேன், மேற்கொண்டு பேசவில்லை. மேளத்துக்கு ஒப்புக்கொள்ள வைக்கத்தான் நேரம் பிடித்தது. கடைசியில் தங்கச்சி எழுந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

முளை அடிக்கவும் கயிறு இறுக்கவும் ஆகும் ஏழு நிமிடத்தையும் அந்த 20-இல் சேர்க்கக் கூடாது என்றேன். அது முடியாது என்றுவிட்டார்கள். அப்பா, "அடிக்கறதையும் அவங்க பாக்கட்டும், நான் வாசிக்கறேன்" என்கிறார். இப்போது வாசலில் உட்கார்ந்து மேளத்துக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். மகள் பக்கத்தில் நின்று, எந்த வார் தளர்ந்திருக்கிறது என்று விரலால் தட்டித் தட்டிச் சொல்கிறாள்.