வாசிகசாலைச் சுவரில் முல்லர் படம்: கழற்ற வேண்டுமா?

கடலோரத்தான் (யாழ்ப்பாணம்)

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் ஜேர்மன் உதைபந்தாட்ட வீரர் கேர்ட் முல்லரின் படம் ஒன்று தொங்குகிறது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, தூண் போன்ற தொடைகள், உயர்த்திய இரண்டு கைகள். ஜேர்மனிக்குப் போன என் சித்தப்பா 1986 இல் அனுப்பிய நாட்காட்டித் தாள் அது. 1995 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது யாரோ அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது கட்டடத்துக்குக் கூரை இல்லை. படம் மட்டும் வந்து சேர்ந்தது.

போன மாத நிர்வாக சபைக் கூட்டத்தில் ஒருவர் அதைக் கழற்றச் சொன்னார். “குடித்து அழிந்த மனிதனையா பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டுவது?” என்று கேட்டார்.

அவர் மனத்தில் இருந்தது ஜேர்மன்காரர் மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். எங்கள் கழகத்தில் முன்களத்தில் ஆடிய ஒருவரை ஊர் இன்றும் ‘முல்லர்’ என்றுதான் கூப்பிடுகிறது. குட்டைக் கால்கள், அகன்ற இடுப்பு. கோலுக்கு முன்னால் பந்து அவர் காலில் பட்டால் போதும். பந்தை உடம்பால் மறைத்துத் திரும்புவதற்கு எனக்குப் பழக்கியவர் அவர்தான். இப்போது பின்னேரங்களில் தவறணையிலிருந்து வந்து மைதான மதிலோரம் நிற்பார். போன பங்குனியில் பிள்ளைகள் பார்த்திருக்கவே விழுந்துவிட்டார். படத்தைக் கழற்றினால் அடுத்ததாக அவரையும் மதிலுக்கு அப்பால் நிற்கச் சொல்வார்கள்.

முல்லர் உண்மையில் குடியால் அழிந்தாரா? ஆட்டத்தை விட்ட பிறகு அவர் வாழ்க்கை எப்படிப் போனது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம்.

இசார்க்கரை (மியூனிக்)

தம்பி, நான் 1985 இல் இங்கு வந்தவன். உணவகச் சமையலறையிலேயே என் காலம் போனது. முல்லரைப் பற்றி இந்த நகரத்தில் கேட்டறிந்ததையும் கண்ணால் கண்டதையும் எழுதுகிறேன்.

அவர் 1945 இல் நேர்ட்லிங்கன் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். பள்ளியை விட்டதும் நெசவுத் தொழில் பழகினார். 1964 இல் பயேர்ன் மியூனிக்குக்கு வந்தபோது அந்தக் கழகம் இரண்டாம் நிலையில்தான் ஆடிக்கொண்டிருந்தது. பயிற்றுநர் சைகோவ்ஸ்கி அவருடைய உடம்பைப் பார்த்துக் ‘குட்டித் தடியன்’ என்று பெயர் வைத்தார். அந்தத் தடியன் பிறகு ஜேர்மனியின் முதல்நிலைத் தொடரான பண்டெஸ்லீகாவில் 427 ஆட்டங்களில் 365 கோல் போட்டார். இன்றுவரை அதை யாரும் எட்டவில்லை. தேசிய அணிக்கு 62 ஆட்டங்களில் 68 கோல். ஆட்டங்களைவிடக் கோல்கள் அதிகம் என்பதைக் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு 1974 உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் 43ஆம் நிமிடத்தைக் காட்டுங்கள். வலப்பக்கமிருந்து பொன்ஹோஃப் கொடுத்த பந்தை முல்லர் நிறுத்துகிறார். அது அவருக்குப் பின்னால் விலகிவிடுகிறது. வேறொருவராக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவர் பின்வாங்கி, பந்தோடு சேர்ந்து திரும்பி, நிலத்தோடு உருட்டி அடிக்கிறார். நெதர்லாந்தின் காப்பாளர் நின்ற இடத்தில் நிற்கிறார். உலகக் கிண்ணம் அந்த அடியில் வந்தது. தேசிய அணிக்கு அவர் போட்ட கடைசிக் கோலும் அதுதான்.

இனி நீங்கள் கேட்டது. 1979 இல் பயேர்னை மனக்கசப்போடு விட்டு அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார். அங்கே ஆடினார், பிறகு உணவகம் நடத்தினார். உணவகக்காரனுக்கு வரும் ஆபத்து எனக்குத் தெரியும்: வருகிறவர்கள் எல்லோரும் உன்னோடு ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும் என்பார்கள். அதிலும் அவர் முல்லர். மியூனிக் திரும்பியபோது செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. குடி முற்றியது. அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

1991 இல் அவரோடு ஆடிய ஊலி ஹோனஸ், அப்போது கழகத்தின் மேலாளர், அவரை மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்த்தார். அவரோடு ஆடிய பெக்கன்பவரும் துணை நின்றார். வெளியே வந்தவருக்கு வேலையும் கொடுத்தார்கள். அந்த வேலைதான் அவரைத் தாங்கியது என்பது என் எண்ணம். 2014 வரை இளையவர்களுக்கும் இரண்டாம் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். லாம், ஷ்வைன்ஸ்டைகர், தோமஸ் முல்லர் போன்ற பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் அந்த இரண்டாம் அணியின் வழியாக வந்தவர்கள்.

ஒரு குளிர்காலக் காலையில் என் மகனைக் கூட்டிக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போயிருந்தேன். நரைத்த தாடியோடு ஒருவர் பந்துகளைப் பொறுக்கி வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். திடல் பணியாளர் என்றே நினைத்தேன். பிறகு ஓர் இளைஞனைக் கூப்பிட்டு, கோலுக்கு முதுகு காட்டி நின்று, இடுப்பால் அவனை மெல்லத் தள்ளித் திரும்பிக் காட்டினார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். வேலியைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது.

2011 இல் இத்தாலியில் பயிற்சி முகாமுக்குப் போன இடத்தில் காணாமற்போய், பல மணி நேரம் கழித்துப் பொலிஸார் கண்டுபிடித்தார்கள். 2015 இல் அல்சைமர் மறதி நோய் என்று கழகம் அறிவித்தது. 2021 ஓகஸ்ட் 15 அன்று, 75 வயதில் காலமானார். 2023 இல் கழகத்தின் அரங்கின் முன்னால் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அவருடைய குடி தெரியாமல் வைத்த சிலை அல்ல.

ஓய்வுபெற்ற தாதி (கோப்பாய்)

மேலே எழுதியவர் முல்லரின் மனைவியை விட்டுவிட்டார். ஊஷி என்று பெயர், 1967 இல் மணமுடித்தவர். குடியின் காலத்தையும் பிறகு மறதி நோயின் காலத்தையும் அவர்தான் வீட்டுக்குள் சுமந்தார். சுவரில் படம் மாட்டும்போது அப்படி ஒரு பெண் இருந்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களில் பலருடைய வீடுகளிலும் அப்படி ஓர் அம்மா இருக்கிறார்.

இன்னொன்று, மிக அவசரமானது. உங்கள் ஊர் முல்லரை யாரும் “இன்றோடு நிறுத்து” என்று அறைக்குள் பூட்டி வைக்க வேண்டாம். நாள்தோறும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரும். உயிரும் போகலாம். அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். மருத்துவர் மேற்பார்வையில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு யாராவது கூடவே போங்கள். தனியே அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள்.

பழைய பாதிக்காவலன் (பாசையூர்)

நான் கழற்றச் சொன்னவரின் பக்கம். என் தம்பி குடியால் இறந்தவன், முப்பத்தொன்பது வயது. குடிகாரரைக் கொண்டாடும் எந்த இடத்திலும் எனக்கு நிற்க முடியாது.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் ஊர் முல்லருக்கு எதிராக நான் ஆடியிருக்கிறேன். ஓர் இறுதியாட்டத்தில் என்னை இரண்டு தடவை நிலத்தில் உட்காரவைத்தார். அவர் ஆட்டத்தை விட்ட நாள்முதல் உங்கள் கழகத்திலிருந்து ஒருவராவது அவர் வாசலுக்குப் போனீர்களா? ஜேர்மனியில் போனார்கள். பதில் ‘இல்லை’ என்றால் படத்தைப் பற்றி வாதாட இரு பக்கத்துக்கும் உரிமை இல்லை.

கடலோரத்தான் (யாழ்ப்பாணம்)

மூவருக்கும் நன்றி. பாதிக்காவலன் அண்ணாவின் கேள்விக்குப் பதில்: இல்லை. நானும் போகவில்லை. அதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இன்று காலை போனேன். திண்ணையில் இருந்தார். கை நடுங்கியது, பேச்சு தெளிவாக இருந்தது. இங்கே நீங்கள் எழுதியதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இடையில் நிறுத்தி, “முல்லர் இறந்துவிட்டாரா?” என்று கேட்டார். அவருக்கு அது தெரியாது. நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, யாரும் சொல்லவில்லை. நெடுநேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இறுதியாட்டக் கோலைக் காட்டச் சொன்னார். ஏழு தடவை பார்த்தார்.

புறப்படும்போது, “மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது யார்? மூலைக்கொடிப் பக்கம் கோணலாக இருக்கிறது” என்றார். மதிலோரம் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை வைத்தியசாலைக்கு வரச் சம்மதித்திருக்கிறார். ஏழு மணிக்கு ஓட்டோவோடு வரச் சொன்னார். கூட்டத்தில் படத்தைப் பற்றிப் பேசுவேன். அதற்கு முன்னால், கோடு போடும் வேலையை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.